மெக்சிகன் சாப்பாட்டில் 'ஒரிஜினல்' தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்கா வந்த முதல் குளிர்காலத்தில், டெக்சாஸ்காரர்கள் உயிரை விடும் 'சில்லி' என்கிற இறைச்சிக் குழம்பை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்பட்டேன். குறிப்பில் மூன்று மேசைக்கரண்டி சில்லி பவுடர் என்று போட்டிருந்தது. அம்மா வெயிலில் காயவைத்து, மில்லில் அரைத்துக் கொடுத்தனுப்பிய மிளகாய்த்தூள் வீட்டில் இருக்கும்போது கடைக்கு எதற்குப் போக வேண்டும்? மூன்று கரண்டி அள்ளிப் போட்டேன். அறைத்தோழன் ஆந்திராக்காரன், காரத்துக்குப் பயப்படாதவன். ஒரு வாய் வைத்தான். பேசாமல் எழுந்துபோய் ஃபிரிட்ஜிலிருந்த பால் கேனைத் திறந்து அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டான்.

அமெரிக்கக் கடையில் சில்லி பவுடர் என்றால் வெறும் மிளகாய்த்தூள் இல்லை. நம்முடைய குழம்புத்தூள் மாதிரி ஒரு கலவை. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டுத்தூள் எல்லாம் சேர்ந்திருக்கும். இதைப் பெரிய அளவில் விற்றுப் பிரபலமாக்கியவர் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர். டெக்சாஸின் நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில், 1890களில் தொடங்கினார். அமெரிக்கர் பலருக்கு 'மெக்சிகன் வாசனை' என்றால் இந்தச் சீரக வாசனைதான். மெக்சிகோவின் பல பகுதிகளிலோ சீரகத்தைக் கிள்ளித்தான் போடுவார்கள். 'கறி பவுடர்' டப்பாவைக் காட்டி இதுதான் இந்தியச் சமையல் என்று யாராவது சொன்னால் நமக்கு எப்படி எரியுமோ, அப்படித்தான் அவர்களுக்கும் எரிகிறது.

சரி, அப்படியானால் அமெரிக்காவில் கிடைப்பதெல்லாம் டூப்ளிகேட்தானே என்று அடுத்த படிக்குப் போகிறோம். இதை முதல் தவறைவிடப் பெரிய தவறு என்பேன்.

டெக்ஸ்-மெக்ஸைப் போலி என்று ஒதுக்குவது

டெக்ஸ்-மெக்ஸ் என்றால் டெக்சாஸ் பக்கம் வளர்ந்த மெக்சிகன் சமையல். அதைப் போலி என்பது நாலு சமையல் வீடியோ பார்த்ததும் வருகிற வியாதி. மஞ்சள் சீஸைக் கண்டால் முகம் சுளிப்பது, டார்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியில் பூரணம் வைத்து மடிக்கும் டகோ மொறுமொறுவென்று பொரிந்திருக்கக் கண்டால் 'இதெல்லாம் மெக்சிகனே இல்லை' என்று தீர்ப்புச் சொல்வது. நானும் இரண்டு வருடம் இப்படித் திரிந்தவன்தான்.

சான் அன்டோனியோ நகரம் 1718-இல் ஸ்பானியர் காலத்தில் உருவானது. டெக்சாஸ் 1836 வரை மெக்சிகோவின் பகுதி. 1848 ஒப்பந்தத்தில் கலிஃபோர்னியா, நியூ மெக்சிகோ வரை பெரும் நிலப்பரப்பு மெக்சிகோவிடமிருந்து அமெரிக்காவுக்குக் கைமாறியது. அங்கிருந்த குடும்பங்கள் இருந்த இடத்திலேயே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தன. அவர்கள் தலைக்கு மேலே நாடுதான் மாறியது. சான் அன்டோனியோ சதுக்கங்களில் மாலையானால் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு சில்லியும், மக்காச்சோள மாவுக்குள் பூரணம் வைத்து வேகவைக்கும் தமாலியும் விற்ற பெண்களை 'சில்லி ராணிகள்' என்பார்கள். 1930களிலும் 40களிலும் சுகாதார விதிகளைக் காட்டி நகராட்சி அவர்களை அப்புறப்படுத்தியது. அந்தப் பெண்கள் எதையும் நகல் எடுக்கவில்லை. அவர்கள் ஊர்ச் சாப்பாடு அது.

ஃபஹீத்தாவும் அப்படித்தான். தெற்கு டெக்சாஸ் மாட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்த மெக்சிகர்களுக்கு, முதலாளி வீட்டில் தொடாத துண்டுகள்தான் கிடைக்கும். அதில் ஒன்று மாட்டின் உதரவிதானப் பக்கத்து நீளமான தசை. இடுப்புக் கச்சை மாதிரி இருப்பதால், கச்சைக்கான ஸ்பானியச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. இன்று இரும்புத் தட்டில் புகை பறக்க, பக்கத்து மேசைக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்க்க வருகிறதே, அதே பண்டம்தான்.

பிரிட்டனில் பிறந்து மெக்சிகோவில் வாழ்ந்த டயானா கென்னடி, 1972-இல் வெளியான தன் சமையல் நூலில் மெக்சிகோவின் வட்டாரச் சமையல்களை அமெரிக்க வாசகர்களுக்குப் பிரித்துக் காட்டினார். பெரிய காரியம்தான், மறுக்க முடியாது. ஆனால் அந்த அலையில் டெக்ஸ்-மெக்ஸ் என்ற சொல் கிட்டத்தட்ட வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

மொறுமொறு டகோவின் கதையைக் கேட்டால் தீர்ப்புச் சொல்வது இன்னும் கஷ்டம். மெக்சிகோவில் டகோஸ் தொராதோஸ் உண்டு: உள்ளே பூரணம் வைத்து மடித்து, அப்படியே எண்ணெயில் பொரிப்பது. கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்தினோவில் 1937 முதல் நடக்கும் மிட்லா கஃபே என்ற மெக்சிகன் உணவகத்தின் பொரித்த டகோ பிரபலம். எதிர்ப்பக்கம் ஹாட் டாக் கடை வைத்திருந்த கிளென் பெல், அங்கே நிற்கும் கூட்டத்தைப் பார்த்தார், சாப்பிட்டார், கற்றுக்கொண்டார். 1962-இல் டாகோ பெல் என்ற துரித உணவுச் சங்கிலி பிறந்தது. அவர் மாற்றியது முக்கியமாக ஒன்றைத்தான்: டார்ட்டியா மடிப்பை முன்கூட்டியே பொரித்து அடுக்கி வைத்து, கேட்டதும் நிரப்பிக் கொடுப்பது. அதாவது மொறுமொறுப்பு மெக்சிகர்களுடையது, அவசரம் அமெரிக்கர்களுடையது. அந்த நிறுவனம் 1992-இலும் 2007-இலும் மெக்சிகோவிலேயே கடை போட்டுப் பார்த்தது. இரண்டு முறையும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

நாச்சோவுக்கோ இதற்கு நேர்மாறான கதை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் பியெத்ராஸ் நெக்ராஸ் ஊரில், டெக்சாஸிலிருந்து ஆற்றைக் கடந்து வந்த அமெரிக்கப் பெண்கள் சிலர் கொறிக்க ஏதாவது கேட்டார்கள். சமையற்காரர் இல்லை. இக்னாசியோ அனயா என்ற உணவக ஊழியர் பொரித்த டார்ட்டியாத் துண்டுகள் மேல் சீஸும் ஊறுகாய் போட்ட ஹலபேனியோ மிளகாயும் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தார். இக்னாசியோவின் செல்லப்பெயர் நாச்சோ. மெக்சிகோவில், மெக்சிகர் ஒருவர், அமெரிக்கர்களுக்காகச் செய்தது. இதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? ஒரிஜினலா என்ற கேள்வியை நான் கைவிட்டது இங்கேதான். எந்த ஊர், யார் சமைத்தது, யாருக்காக என்று கேட்டால் பதிலாவது கிடைக்கிறது.

எந்த ஊர் என்று கேட்காமல் விடுவது

நம்மூர்க்காரர்கள் இந்தியச் சாப்பாடு என்றதும் நான் ரொட்டியும் பட்டர் சிக்கனும் நீட்டப்படும்போது எத்தனை முறை பல்லைக் கடித்திருக்கிறோம்! அதே ஆட்கள் மெக்சிகோவை ஒரே தட்டில் அடைத்துவிடுவோம்.

கோதுமை டார்ட்டியா மெக்சிகன் இல்லை என்பார்கள். வடக்கே சொனோராவுக்குப் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். அங்கே கோதுமைதான் பிரதானம். டார்ட்டியாவை உள்ளே இருப்பது தெரியும் அளவுக்கு மெல்லிசாக வீசுவார்கள். கோதுமை டார்ட்டியாவில் பூரணம் வைத்துச் சுருட்டும் புரீட்டோவும் அந்த வடக்குப் பக்கத்துச் சங்கதிதான். சோறு, பீன்ஸ், கறி எல்லாம் திணித்து அலுமினியத் தாளில் குழந்தையைப் போல் சுற்றித் தருகிற ராட்சத வடிவம் 1960களில் சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் வந்தது. தென்கிழக்கே யுகத்தானுக்குப் போனால் பன்றி இறைச்சியை அச்சியோத்தே என்ற சிவப்பு விதை மசாலாவும் கிச்சிலிப்புளிப்பும் தடவி வாழையிலையில் கட்டிக் குழியில் வேகவைப்பார்கள். குவெரேரோ மாநிலத்தில் வியாழக்கிழமை என்றால் பொசோலே சூப். மெக்சிகோ நகரத்து இரவுக்கு அடையாளமான அல் பஸ்தோர் டகோவைப் பாருங்கள்: செங்குத்துக் கம்பியில் இறைச்சியை அடுக்கிச் சுழலவிட்டுச் சீவும் அந்த முறை லெபனானிலிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தது. ஆட்டிறைச்சி பன்றி இறைச்சியாக மாறியது, உச்சியில் அன்னாசிப்பழம் ஏறியது. இதைவிட மெக்சிகன் எது என்று கேட்டால் அந்த ஊர்க்காரர்களே விழிப்பார்கள்.

மாவைச் சாதாரணமாக நினைப்பது

இந்தச் சமையலில் நுட்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலரும் சாஸைச் சொல்வார்கள். நான் டார்ட்டியாவைச் சொல்வேன்.

உலர்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வேகவைத்து, இறக்கி, இரவு முழுக்க ஊற விடுவார்கள். காலையில் தண்ணீர் மஞ்சளாகியிருக்கும். மணியைத் தேய்த்தால் தோல் வழவழவென்று கழன்றுவரும். கழுவி அரைத்தால் கையில் ஒட்டாமல், ஆனால் தன்னோடு தான் ஒட்டிக்கொள்ளும் மாவு கிடைக்கும். அதுதான் மாசா. முன்பெல்லாம் அரைத்தது மெத்தாத்தே என்ற கல்லில். சாய்ந்த, கால் வைத்த அம்மி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடுவது கொமாலில், நம் தோசைக்கல்லுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டு திருப்பு திருப்பியதும் டார்ட்டியா உப்பி எழுந்தால் மாவுப் பதம் சரி.

சுண்ணாம்பு வெறும் பதத்துக்கு மட்டுமில்லை. மக்காச்சோளத்திலுள்ள நியாசின் சத்து உடம்பில் சேர அது வேண்டும். ஐரோப்பியர் தானியத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பைக் கொண்டுபோகவில்லை. மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த வட இத்தாலி ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களையும் பிடித்தது. தொற்றுநோய் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களிடம், இது சாப்பாட்டுக் கோளாறு என்று 1914-லிருந்து போராடி நிறுவியவர் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர். மெக்சிகோ கிராமத்துப் பாட்டிகளின் கையில் விடை அத்தனை காலமாக ஊறிக்கொண்டிருந்தது.

வீட்டில் செய்கிறவர்கள் சறுக்குவதும் இங்கேதான். இந்தியக் கடையில் கிடைக்கும் மக்கி ஆட்டாவில் டார்ட்டியா தட்டினால் ஓரமெல்லாம் விரிசல் விடும். அது சுண்ணாம்பு காணாத மாவு. நம்மூரில் 'கார்ன் ஃப்ளோர்' என்று விற்பதோ வெறும் ஸ்டார்ச், சூப் கெட்டியாக்கத்தான் உதவும். பையில் மாசா ஹரினா என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சைவம் என்று நினைத்து ஏமாறுவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் அடிபடுவது இதில்தான். பீன்ஸ் மசியல் பார்க்கச் சைவம். ஆனால் பழைய முறையில் அதைத் தாளிப்பது பன்றிக் கொழுப்பில். சிவப்புச் சோற்றைப் பெரும்பாலும் கோழிச் சாற்றில் வடிப்பார்கள். தமாலி மாவிலும் பன்றிக் கொழுப்பு இருக்கும். "இறைச்சி இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், அவர்கள் கணக்கில் அது உண்மைதான். "மந்தேகா இருக்கா, கால்தோ தெ போயோ இருக்கா" என்று கேளுங்கள். முதலாவது பன்றிக் கொழுப்பு, இரண்டாவது கோழிச் சாறு. வேடிக்கை என்னவென்றால், ஊர்ப் பாரம்பரியத்தை விடாத கடையைவிட, நீங்கள் மட்டம் தட்டும் சங்கிலிக் கடைகளில்தான் சைவர்களுக்கு நிம்மதி.

எல்லாம் காரமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது

மிளகாய் அந்த மண்ணிலிருந்துதான் போர்த்துகீசியர் கப்பலேறி நமக்கு வந்தது. மிளகைப் போல உறைத்ததால் மிளகாய் என்று பெயர் வைத்துக்கொண்டோம். நாம் அதில் காரத்தை எடுத்துக்கொண்டோம், அவர்கள் அதில் மணத்தையும் நிறத்தையும் தேடினார்கள். போப்லானோ மிளகாயைக் காயவைத்தால் ஆஞ்சோ. உலர்ந்த திராட்சை வாசம் அடிக்கும். ஹலபேனியோவைப் புகையில் வாட்டினால் சிபோட்லே. புவேப்லா ஊரின் மோலே என்ற கெட்டிக் குழம்பில் இருபதுக்கு மேற்பட்ட சாமான் சேரும். அதில் துளி சாக்லெட்டும் உண்டு என்பதற்காக 'சாக்லெட் சாஸ்' என்று எழுதிவைக்கும் அமெரிக்க மெனுக்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பெருங்காயம் போட்டதால் சாம்பாரைப் பெருங்காயக் குழம்பு என்பதுபோல.

மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்பது

ஒரிஜினல் வேண்டும், ஆனால் டகோ மூன்று டாலரைத் தாண்டக் கூடாது. அமெரிக்க நாக்கின் இந்த விநோதத்தைப் பற்றி நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உணவு ஆய்வுத் துறைப் பேராசிரியரான கிருஷ்ணேந்து ராய் விரிவாக எழுதியிருக்கிறார். ஜப்பானிய, பிரெஞ்சுச் சாப்பாட்டுக்குக் கேட்ட காசைக் கொடுப்பவர்கள் மெக்சிகன், சீன, இந்தியச் சாப்பாட்டுக்குப் பேரம் பேசுகிறார்கள். ஒரு நாட்டிலிருந்து ஏழைகள் நிறைய வந்துகொண்டிருக்கும் வரை அந்த நாட்டுச் சமையலுக்கு மதிப்பு ஏறாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

என்னோடு வேலை பார்க்கும் புவேப்லாக்காரர் ஒருவர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்: "ஒரு கிண்ணம் ஜப்பானிய ராமென் நூடுல்ஸுக்கு 18 டாலர் கொடுத்துவிட்டு வந்து, எங்கம்மா இரண்டு நாள் அரைத்த மோலேயைப் பத்து டாலருக்கு அதிகம் என்கிறான்." எனக்குச் சிரிப்பு வரவில்லை, முந்தின வாரம் நானும் ஒரு டகோ வண்டியில் விலையைக் கேட்டுப் புருவம் தூக்கியவன்.

2024-இல் மெக்சிகோ நகரத்தின் எல் கலீஃபா தெ லியோன் என்ற சின்னஞ்சிறு டகோ கடைக்கு, உணவக உலகின் பெரிய அங்கீகாரமான மிஷ்லின் நட்சத்திரம் கிடைத்தது. நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். மெனுவில் நாலே வகை. புகழ்பெற்ற கவோனேரா டகோவில் மெல்லிய மாட்டிறைச்சித் துண்டு, உப்பு, எலுமிச்சை, அவ்வளவுதான்.

அந்த நகரத்துக்குப் போனால் ஒன்றுக்குத் தயாராக இருங்கள். டார்ட்டியாவை மடித்துச் செய்யும் கேசடியா கேட்டால் "சீஸ் போட்டா, போடாமலா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேசோ என்றாலே சீஸ்தானே, அந்தப் பெயரிலேயே சீஸ் இருக்கிறதே என்று வாதாடாதீர்கள். மெக்சிகோவின் மற்ற ஊர்க்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போயிருக்கிறார்கள்.