கார் டயரை எப்போது மாற்றுவது? வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம்

40,000 கிலோமீட்டர் ஓடினால் டயரை மாற்ற வேண்டும் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் ஓடுகிறது. அதை நம்பாதீர்கள். வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர் மட்டும் ஓடி மற்ற நாளெல்லாம் வெயிலில் நிற்கும் காரில், பட்டன் (சாலையைத் தொடும் மேல்பகுதியில் பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர் கட்டைகள்) புதுசு போலவே இருக்கும், ரப்பர் செத்துப்போயிருக்கும். காற்று குறைவாக வைத்து ஓட்டிய காரில் அந்த 40,000-ல் பாதி தூரத்திலேயே ஓரம் மொட்டையாகிவிடும். பார்க்க வேண்டியவை பட்டன் ஆழம், வயது, காயம். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்த டயர் முடிந்தது.

ஒரு டார்ச், ஒரு சாக்பீஸ், பேனா போல இருக்கும் ஆழம் அளக்கும் கேஜ் போதும். டிஜிட்டல் கேஜுக்குக் காசு செலவழிக்க வேண்டாம், சாதாரணமானதே நன்றாக வேலை செய்யும். வாங்கியதும் கண்ணாடிப் பரப்பில் அழுத்திப் பாருங்கள், பூஜ்யம் காட்ட வேண்டும். நாணயத்தைச் செருகிப் பார்க்கும் வீடியோக்கள் அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தை வைத்துச் சொல்லப்படுபவை. நம் ரூபாய் நாணயத்துக்கு அந்த அளவு பொருந்தாது.

காரைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

படி 1: ஆழம்

டயரின் நீளவாக்கில் ஓடும் பெரிய பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. அவை எங்கே இருக்கின்றன என்பதைக் காட்ட டயரின் தோள்பட்டையில், அதாவது சாலையைத் தொடும் பகுதியும் பக்கவாட்டும் சேரும் விளிம்பில், ஒரு சிறு முக்கோணமோ ‘டி.டபிள்யூ.ஐ.’ (TWI) என்ற எழுத்தோ இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் இந்திய மோட்டார் வாகன விதிப்படியே அந்த டயரில் கார் ஓடக் கூடாது.

கேஜ் ஊசியை அந்த மேட்டின்மேல் வைத்துவிடாதீர்கள். 1.6 மி.மீ. குறைத்துக் காட்டும், நல்ல டயரைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். பள்ளத்தின் அடியில் வைத்து, உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். பிறகு காரைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு முறை. கிடைத்ததில் மிகக் குறைவான எண்தான் அந்த டயரின் ஆழம். சராசரி எடுக்கக் கூடாது.

1.6 மி.மீ. என்பது சட்டம் சொல்லும் கடைசி எல்லை. மழைச்சாலைக்கு அது போதாது. தேங்கிய தண்ணீரைப் பள்ளங்கள் வழியாக வெளியேற்றினால்தான் ரப்பர் தார்ச்சாலையைத் தொடும். ஆழம் குறைந்தால் வேகத்தில் டயர் தண்ணீர்மேல் ஏறி வழுக்கும், அப்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பேச்சைக் கேட்காது. அதனால் 3 மி.மீ. வந்ததுமே மாற்றச் சொல்வேன். செப்டம்பரில் 3.5 காட்டினால், ஐப்பசி மழை தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள்.

மூன்று இடத்திலும் எண்கள் ஒத்துப்போகவில்லையா? நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் என்றால் வீல் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. விட்டுவிட்டுக் குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே இடத்தில் தேயும்.

படி 2: வயது

பலர் தடுக்கி நிற்கும் இடம் இது. டயரின் பக்கவாட்டில் ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 3521 என்றால் 2021-ன் 35-வது வாரம், அதாவது ஆகஸ்ட் கடைசி வாக்கில் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முந்தைய டயர். அதில் யோசிக்க எதுவுமில்லை.

எண்ணையே காணோம் என்றால் டயரைக் குறை சொல்ல வேண்டாம். பல டயர்களில் அது ஒரு பக்கத்தில் மட்டும்தான் அச்சாகியிருக்கும். மாட்டும்போது அந்தப் பக்கம் உள்ளே போயிருக்கும். முன் சக்கரம் என்றால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, எஞ்சினை அணைத்துவிட்டு, உள்பக்கத்தில் டார்ச் அடியுங்கள். பின் சக்கரத்துக்கு, ஃபிளாஷ் போட்ட போனைக் கையோடு உள்ளே நீட்டிப் படமெடுப்பதே சுலபம். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள். சேற்றைத் துடைத்துவிட்டுச் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால், கறுப்பில் தெரியாத எழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கும்.

ஐந்து வருஷம் தாண்டினால் வருஷம் ஒருமுறை கடையில் கழற்றி உள்பக்கமும் பார்க்க வேண்டும். பத்து வருஷம் என்பது டயர் நிறுவனங்களே சொல்லும் உச்ச வரம்பு. வெயிலில் நிற்கும் காருக்கு நான் ஆறு வருஷம் என்று வைப்பேன். பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அதற்கும் முன்பே.

படி 3: காயம்

பக்கவாட்டை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். முட்டை போல வெளியே புடைத்திருந்தால், குழியில் இறங்கிய அடியில் உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்து, காற்று ரப்பரை மட்டும் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதற்கு ஒட்டு கிடையாது. அன்றைக்கே ஸ்டெப்னியை மாட்டுங்கள்.

ஆனால் உள்ளே அமுங்கிய மாதிரி, மேலிருந்து கீழாக ஒரு லேசான கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். உள் துணியின் இரண்டு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடம் அது. அங்கே பலம் கூடுதலே தவிர குறைவில்லை. இதைக் காட்டி டயர் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பஞ்சர் சாலையைத் தொடும் பகுதியில், 6 மி.மீ.க்குள் இருந்தால் டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவப் பேட்ச் போடலாம். தோள்பட்டையிலோ பக்கவாட்டிலோ என்றால் மாற்றத்தான் வேண்டும்.

80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் முதலில் பேலன்சிங். அதற்குப் பிறகும் நடுக்கம் நிற்காவிட்டால் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றச் சொல்லுங்கள். டயர் நெளிந்து சுற்றினால் உள்ளே அடுக்கு பிரிந்துவிட்டது.

வாங்கும்போது

இரண்டுதான் வாங்க முடியும் என்றால் புதியவற்றைப் பின்னால் போடுங்கள். முன் சக்கரத்தால் ஓடும் காராக இருந்தாலும் அப்படித்தான். முன்னால் வழுக்கினால் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துச் சமாளிக்கலாம். பின்னால் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். கடையில் முன்னால் போடத்தான் சொல்வார்கள், உறுதியாக மறுத்துவிடுங்கள்.

இப்போதுள்ள டயரின் பக்கவாட்டில் அளவு 185/65 ஆர்15 88எச் (185/65 R15 88H) என்று இருந்தால் கடைசி எண்ணையும் எழுத்தையும் விட்டுவிடக் கூடாது. 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கு, எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரம்புக்கு. அதற்குக் குறைந்ததை வாங்காதீர்கள். மாட்டும் முன்பே தேதி எண்ணைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் பழசென்றால் வேறு கேட்கலாம். ரப்பர் வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், சின்னச் செலவுதான்.

பழைய டயர் வாங்கவே வேண்டாம். தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளம் வெட்டி விற்பதுண்டு. பார்க்க ஆழமாக இருக்கும், 1.6 மி.மீ. மேடுகள் மட்டும் இருக்காது, அவையும் சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கும்.

பிற்சேர்க்கை: ஓடாத ஸ்டெப்னிக்கும் இதே கணக்கா என்ற கேள்வி வருகிறது. ஆழத்தில் வேண்டுமானால் விலக்கு உண்டு, வயதில் இல்லை. காரோடு வந்த ஸ்டெப்னிக்குக் காரின் வயதுதான். நான்கு டயரின் தேதியைப் படமெடுக்கும்போது டிக்கியையும் திறந்து அதையும் எடுத்துவிடுங்கள்; காற்றும் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம்.