டைம் டிரையல் சைக்கிளுக்கு எந்தச் சக்கரம்?

டைம் டிரையல் என்றால் கடிகாரத்தை எதிர்த்துத் தனியாக ஓட்டும் போட்டி. அதற்கு முதலில் முன்சக்கரத்தை முடிவு செய்யுங்கள். பக்கக்காற்று ஹேண்டிலைப் பிடித்துத் திருப்புவது அங்கேதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெயில் ஏறிக் கடற்காற்று கிளம்பிவிட்டால், காற்றைக் கிழிக்க உதவும் 80 மி.மீ. ஆழ ரிம்மோடு (சக்கரத்தின் வெளி வளையம்), ஏரோபாரில் (முன்கைகளை ஊன்றிக் குனிந்து பிடிக்கும் கைப்பிடி) படுத்தபடி நேராகப் போவது லேசான வேலை இல்லை. பயந்து எழுந்து உட்கார்ந்தால், ரிம் மிச்சப்படுத்திய நேரம் அத்தனையும் போய்விடும். நான் 62 கிலோ, 50 மி.மீ. தான் போடுகிறேன்.

பின்னால் டிஸ்க்தான் (கம்பிகளுக்குப் பதில் முழுத் தட்டாக மூடிய சக்கரம்), தயங்கவே வேண்டாம். உடல் எடையில் பெரும்பங்கு அதன்மேல் இருக்கிறது, அது திரும்புவதும் இல்லை. போட்டி விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்தது) உலகப் போட்டியில் டிஸ்க்குக்கு அனுமதி கிடையாது.

அப்புறம் டயர். காற்றடித்த பிறகு வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். 25 (மி.மீ.) என்று எழுதியிருக்கும் டயர் அகலமான ரிம்மில் 27 வரைகூட விரியும். ரிம்மின் வெளி அகலம் டயரைவிட 5 சதவீதமாவது கூடுதலாக இருக்கட்டும். டயர் வெளியே பிதுங்கினால் காற்று ரிம்மை ஒட்டிப் போகாது, கொடுத்த காசு வீண். ஹுக்லெஸ் ரிம் (டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாதது) என்றால் 73 பிஎஸ்ஐக்கு மேல் அடிக்கக் கூடாது. டிஸ்க்கில் வால்வு சின்னக் குழிக்குள் இருக்கும். பம்ப் தலை அதில் நுழையாது. வளைந்த அடாப்டரையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.