பழைய பிஎஃப்பி ஃபொன்டை இன்க்ஸ்கேப்பில பாவிக்கிறது எப்பிடி

பெரியப்பாவின்ர அந்தியேட்டிக் கல்வெட்டுக்கு (செத்தவையின்ர நினைவாக் குடுக்கிற புத்தகம்) முன் அட்டை செய்யிற வேலையை மச்சான் என்ட தலையில கட்டிவிட்டார், அதுவும் பெரியம்மாவின்ர கல்வெட்டில இருந்த அதே எழுத்துத்தான் வேணுமாம். பிரஸ்கார அண்ணை பழைய சிடியொண்டில இருந்து ஃபொன்டைத் தேடித் தந்தார், இன்ஸ்டோலும் பண்ணியாச்சு, ஆனா இன்க்ஸ்கேப் (படம் வரையிற இலவச சொஃப்ட்வெயார்) லிஸ்டில ஆளைக் காணேல்ல. அரை நாள் மினக்கெட்டன்.

விசயம் என்னெண்டால் அது பிஎஃப்பி, அதாவது டைப் 1 எண்ட பழைய வகை ஃபொன்ட். இன்க்ஸ்கேப் எழுத்தைக் காட்டப் பாவிக்கிற பாங்கோ லைப்ரரி 2019இல 1.44ஆம் வெர்சனோட டைப் 1ஐக் கைவிட்டிட்டுது. படம் திருத்திற ஜிம்பிலயும் இதே கதைதான். அதால ஓடிஎஃப் (ஓப்பன்டைப்) எண்ட புது வகைக்கு மாத்தோணும்.

ஃபொன்ட்ஃபோர்ஜ் எண்ட இலவச சொஃப்ட்வெயாரை இறக்குங்கோ. பிஎஃப்பியோட அதே பேரில ஏஎஃப்எம் ஃபைல் கிடந்தால் ரெண்டையும் ஒரே ஃபோல்டருக்குள்ள வையுங்கோ, எந்த எழுத்துக்குப் பக்கத்தில எது வந்தால் எவ்வளவு நெருக்கோணும் எண்ட கணக்கு அதுக்குள்ளதான் இருக்கு. பிறகு பிஎஃப்பியைத் திறந்தால் கட்டம் கட்டமா எழுத்துகள் வரும். எங்கட பக்கத்துப் பழைய ஃபொன்டுகள் கனக்க பாமினி முறைதானே, இங்கிலிஸ் சின்ன ஜே இருக்க வேண்டிய கட்டத்தில 'த' இருக்கும், கேயில 'ம'. அப்பிடி இருந்தால் பயமில்லை.

எலிமென்ட் மெனுவில ஃபொன்ட் இன்ஃபோவுக்குப் போய் பேரை மாத்துங்கோ, இல்லாட்டி பழசும் புதுசும் குழம்பும். பிறகு ஃபைல் மெனுவில ஜெனரேட் ஃபொன்ட்ஸ், அதில ஓப்பன்டைப் சிஎஃப்எஃப்பைத் தெரியுங்கோ. ட்ரூடைப்பும் சரிவரும்தான், ஆனா அது வளைவுகளை வேற கணக்குக்கு மாத்தும், சிஎஃப்எஃப் உள்ள வளைவை அப்பிடியே வைச்சிருக்கும். வந்த ஃபைலை இன்ஸ்டோல் பண்ணி, இன்க்ஸ்கேப்பை மூடித் திறவுங்கோ.

இனித்தான் கன பேர் பிழைவிடுற இடம். கீபோர்ட் இங்கிலிஸிலயே இருக்கட்டும். ஜே, கே, பி, ஓ, செமிகோலன் எண்டு அடிச்சால் 'தமிழ்'. 'கெ' வேணுமெண்டால் கொம்பு முதல், 'க' பிறகு, கண்ணுக்குத் தெரியிற ஒழுங்கிலதான் அடிக்கோணும். வாட்ஸப்பில வந்த பேரைக் கொப்பி பண்ணி ஒட்டினால், அது யூனிகோட் எண்ட இப்பத்தைய எழுத்து முறை, இந்த ஃபொன்டில அது இல்லாததால கொம்பியூட்டர் சத்தமில்லாமல் வேற ஃபொன்டில காட்டும், நானும் முதல் அதைப் பாத்து எல்லாம் சரியெண்டு நினைச்சிட்டன்.

பிரஸ்ஸுக்கு அனுப்ப முதல் எழுத்தைத் தெரிஞ்சு பாத் மெனுவில ஒப்ஜெக்ட் டு பாத் குடுங்கோ, பிறகு அவையளிட்ட அந்த ஃபொன்ட் இருக்கத் தேவையில்லை. ஆனா அதுக்குப் பிறகு எழுத்தைத் திருத்தேலாது, அது வெறும் படம். அதால வேற பேரில ஒரு கொப்பி சேவ் பண்ணி வையுங்கோ. நான் பாத் ஆக்கினாப் பிறகுதான் மச்சான் பாத்திட்டு, பெரியப்பாவின்ர பேரில கடைசிக் குற்றைக் காணேல்ல எண்டார். ஒரு செமிகோலன். கொப்பி இருந்தபடியால் தப்பினன்.