டெஸ்ட் பேட்ஸ்மேன்களை ஒப்பிடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் இருக்கும் கல்லூரி மாணவன் ஒருவன் சென்ற மாதம் மடிக்கணினியோடு வந்தான். டெஸ்ட் பேட்ஸ்மேன்களை வரிசைப்படுத்தியிருப்பதாகவும், உள்ளூர் லீக் ஆட்டங்களுக்கு முப்பது ஆண்டுகளாக ஸ்கோர் எழுதுகிறவன் என்ற முறையில் நான் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டான். அட்டவணையின் முதல் பத்தியைப் பார்த்த உடனேயே, நான் எப்போதோ செய்து அவமானப்பட்ட தவறு அப்படியே அங்கே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எண்களைத் தப்பாகப் பதிவது, ஒருவர் கணக்கை இன்னொருவர் பெயரில் எழுதுவது போன்றவை ஒருமுறை சரிபார்த்தால் தீர்ந்துவிடும். அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

சராசரிகளுக்குச் சராசரி எடுப்பது

மாணவன் ஒவ்வொரு பேட்ஸ்மேனுக்கும் தொடர்வாரியான சராசரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கடைசிக் கட்டத்தில் அவற்றின் சராசரியைக் கணினியே போட்டுத் தரும்படி செய்திருந்தான். பேட்டிங் சராசரி என்பது எடுத்த ரன்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்து வருவது. ஆகவே ஐந்து முறை அவுட்டான தொடரும் பத்து முறை அவுட்டான தொடரும் ஒரே எடை பெற முடியாது.

கவாஸ்கரையே எடுத்துக்கொள்வோம். 1971-இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடிய முதல் தொடரில் அவர் எட்டு இன்னிங்ஸில் மூன்று முறை ஆட்டமிழக்காமல் 774 ரன்கள் எடுத்தார், சராசரி 154.80. அதே அணி 1978-79-இல் இந்தியாவுக்கு வந்தபோது ஒன்பது இன்னிங்ஸில் ஒரு முறை ஆட்டமிழக்காமல் 732 ரன்கள், சராசரி 91.50. இரண்டு சராசரிகளையும் கூட்டிப் பாதியாக்கினால் 123.15 வருகிறது. ரன்களைக் கூட்டினால் 1506, அவுட்டான தடவைகளைக் கூட்டினால் 13, வகுத்தால் 115.85. நடுவே இருக்கும் ஏழு ரன் சொச்சத்தை கவாஸ்கர் எந்த மைதானத்திலும் எடுக்கவில்லை.

இந்தத் தவறு இத்தனை காலம் பிழைத்திருப்பதற்குக் காரணம், சில இடங்களில் அது சரியான விடையையே தந்துவிடுகிறது என்பதுதான். கோலி இங்கிலாந்தில் 2014-இல் 134 ரன்கள், 2018-இல் 593 ரன்கள் எடுத்தார்; இரண்டு தொடரிலும் பத்து இன்னிங்ஸ், பத்து முறையும் அவுட். சராசரிகள் 13.40, 59.30. எந்த வழியில் போட்டாலும் 36.35தான். மாணவன் சரிபார்ப்பதற்கு எடுத்துக்கொண்டது, அவன் போதாத காலம், இதே எடுத்துக்காட்டைத்தான்.

அவனுடைய பட்டியலில் ஆஸ்திரேலியாவின் ஆடம் வோஜஸும் இருந்தார். 2015-16-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான தொடரில் அவர் இரண்டே இன்னிங்ஸ் ஆடி 269, 106 என எடுத்து இரண்டிலும் ஆட்டமிழக்கவில்லை. பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று கணினி பிழை காட்டியதும், தம்பி அந்த வரியையே நீக்கிவிட்டான். ஒரு மனிதர் அவுட்டாகாமல் அடித்த 375 ரன்கள், அவர் அவுட்டாகவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கணக்கிலிருந்து காணாமல் போயின!

எனக்கு இதில் இத்தனை எரிச்சல் வருவதற்குச் சொந்தக் கதை ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் எங்கள் குடியிருப்பின் ஆண்டு மலருக்கு இதே முறையில் ஓர் அட்டவணை தயாரித்துக் கொடுத்தேன். நானூறு பிரதிகள் அச்சாகி வந்த மாலை, பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் பென்சிலைக் காதில் செருகியபடி வந்து, "சார், இந்தத் தொடரில் அவர் எத்தனை தடவை அவுட்டானார்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அந்த எண்ணை நான் எழுதி வைத்திருக்கவே இல்லை. திருத்தச் சீட்டு அச்சடித்த செலவு என்னுடையது. இரண்டு இரவுகள் பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்து நானூறு பிரதிகளிலும் ஒட்டியதில் என் மனைவியின் உழைப்பே பாதி. தொடர்வாரியான சராசரிப் பத்தியையே வைத்துக்கொள்ளாதீர்கள். ரன்களுக்கு ஒரு பத்தி, ஆட்டமிழந்த தடவைகளுக்கு ஒரு பத்தி; வகுத்தல் கடைசியில் ஒரே ஒரு முறை.

நாட் அவுட்டைக் குறையாக நினைப்பது

சராசரி ஏமாற்றுகிறது என்று தெரிந்துகொண்ட சிலர், மொத்த இன்னிங்ஸால் வகுக்கத் தொடங்குகிறார்கள். லாரா 232 இன்னிங்ஸில் ஆறு முறைதான் ஆட்டமிழக்காமல் திரும்பினார். ஸ்டீவ் வா 260-இல் 46 முறை. இன்னிங்ஸால் வகுத்தால் லாராவின் கணக்கு 51.52-க்கு மட்டுமே இறங்க, வாவின் 51.06 அப்படியே 42.03-க்கு விழுகிறது. ஆனால் ஐந்தாவது, ஆறாவது இடத்தில் ஆடுகிறவருக்குத் துணை தீர்ந்துபோவது அவர் குற்றமா? 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில், மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுத்த இன்னிங்ஸில், இந்தியா 190-க்குச் சுருண்டபோது விஸ்வநாத் 97 ரன்களோடு மறுமுனையில் நின்றுகொண்டிருந்தார். அதை முடிந்துபோன இன்னிங்ஸாக எண்ணுவதற்கு எனக்குக் கை வராது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஆடிய இடத்தையும் குறியுங்கள்.

விடையைப் பார்த்துவிட்டு அணியை விலக்குவது

வங்கதேசத்துக்கு எதிரான ரன்களை நீக்க வேண்டும் என்பவர்கள், தமக்குப் பிடித்தவரின் கணக்கில் மட்டும் அவற்றை விட்டுவைப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். வலுவற்ற அணியை நீக்குவதுதான் விதி என்றால், 1947-48-இல் முதன்முறையாக ஆஸ்திரேலியா சென்ற நம் அணிக்கு எதிராக பிராட்மன் 178.75 சராசரியில் எடுத்த 715 ரன்களையும் நீக்கத்தான் வேண்டும். நீக்கிய பிறகும் அவருக்கு 95-க்கு மேல் நிற்கிறது என்பது வேறு விஷயம். விதியை முதலில் தாளில் எழுதிவிட்டு, அதன் பிறகு எண்களைத் தொடுங்கள்.

சில இன்னிங்ஸ் மட்டுமே ஆடியவர்கள்

ஒரே டெஸ்டில் ஒரே இன்னிங்ஸ் ஆடி 112 எடுத்த மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி கண்டோமின் சராசரி பிராட்மனுடையதைவிட அதிகம். பட்டியலில் சேரக் குறைந்தது இருபது இன்னிங்ஸ் ஆடியிருக்க வேண்டும் என்று எல்லை வைப்பது அதற்காகத்தான். வினோத் காம்ப்ளி 21 ஆடியிருக்கிறார், 54.20 சராசரியோடு உள்ளே வந்துவிடுகிறார்; வரட்டும்.

பழைய காலத்து ஸ்ட்ரைக் ரேட்

நூறு பந்துகளுக்கு எத்தனை ரன் என்பதுதான் ஸ்ட்ரைக் ரேட்; பழைய ஆட்டங்கள் பலவற்றில் சந்தித்த பந்துகளின் கணக்கே இல்லை. விட்டுவிடுங்கள்.

99.94-ஐ 100 ஆக்குவது

கூடாது. 99.94 என்பது பிராட்மனின் டெஸ்ட் சராசரி. 1948-இல் ஓவலில் இரண்டாவது பந்திலேயே இங்கிலாந்தின் ஹோலிஸ் பிராட்மனைப் பூஜ்யத்துக்கு பௌல்டாக்கியபோது, சராசரி 100-ஐத் தொட அவருக்குத் தேவைப்பட்டது நான்கு ரன்கள். அவர் அடிக்காத பவுண்டரியை நாம் அடிக்க வேண்டாம்.