வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சியில் மேற்பார்வை நர்ஸ்: அடிக்கடி நடக்கும் தவறுகள்

வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சிகள் அனுப்புகிறவர் பெரும்பாலும் நர்ஸ் இல்லை, அட்டெண்டர். குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, ஊட்டிவிடுவது, கைபிடித்து நடக்க வைப்பது அவர் வேலை. வீட்டில் எல்லோரும் அவரையே ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுவதில் ஆரம்பிக்கிறது குழப்பம். நர்ஸ் வேலைக்கும் அட்டெண்டர் வேலைக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டைக் காக்க வேண்டியவர் மேற்பார்வை நர்ஸ். அவர் ஜி.என்.எம். (நர்ஸிங் டிப்ளமோ) அல்லது பி.எஸ்ஸி. நர்ஸிங் படித்து, முறைப்படி நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும்.

போனில் விசாரித்துவிட்டு ஆள் அனுப்புவதுதான் முதல் தவறு. “அம்மா லேசா நடப்பாங்க” என்று மகன் சொல்லியிருப்பார். போய்ப் பார்த்தால் 80 கிலோ உடம்பு, இடது கால் ஊன்ற வராது. 45 கிலோ அட்டெண்டர் தனியாகத் தூக்கினால் இரண்டு பேரும் கீழே விழுவார்கள். ஆள் போவதற்கு முன்பே நர்ஸ் நேரில் போக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரை டப்பாவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் உள்ளே போய்க்கொண்டிருப்பது அபூர்வமல்ல. முதுகு, வால் எலும்பு, குதிகால் எப்படி இருக்கின்றன என்பதை அன்றே எழுதி, குடும்பத்தாரிடம் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. “உங்க ஆள் வந்தப்புறம்தான் புண்ணு வந்துச்சு” என்ற பேச்சு பிறகு எழாது.

அடுத்தது, எது அட்டெண்டர் வேலை இல்லை என்பதை எழுதிக் கொடுக்காமல் விடுவது. மாத்திரை நேரத்தை அவர் ஞாபகப்படுத்தலாம், பிரித்துவைத்த டப்பாவை எடுத்து நீட்டலாம். எத்தனை மாத்திரை என்று முடிவு செய்வதும், ஊசி போடுவதும், மூக்கு டியூப் மாற்றுவதும் கூடாது. “தினமும் நாங்களே போடறதுதானே, இன்னைக்கு மட்டும் நீ போடும்மா” என்று இன்சுலினை நீட்டும் வீடுகள் நிறைய. நம் ஊரில் விற்கும் இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் வகையும் உண்டு, 100 யூனிட் வகையும் உண்டு. ஊசியும் அப்படியே: சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 20 அல்ல, 50 யூனிட். ஷுகர் தாழ்ந்து நினைவு தப்ப அது போதும். மாற்றி, 40 மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில் அதே 20 கோடு வரை இழுத்தால் 8 யூனிட்தான் போகும். வீட்டில் இருக்கும் பாட்டிலும் ஊசியும் பொருந்துகின்றனவா என்று நர்ஸ் முதல் நாளே பார்த்துவிட வேண்டும், போடப்போவது யாராக இருந்தாலும்.

லீவு போட்ட அட்டெண்டருக்குப் பதிலாக நர்ஸையே உட்காரவைப்பதும், பில் பாக்கி கேட்க அவரை அனுப்புவதும் ஏஜென்சியின் தவறுகள். பணம் கேட்க வந்தவரிடம் எந்தக் குடும்பமும் குறையை மனம்விட்டுச் சொல்லாது.

அட்டெண்டர் எழுதிவைக்கும் நோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவதைத்தான் மிகப் பெரிய தவறு என்பேன். ‘2 மணிக்குப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன், 4 மணிக்குத் திருப்பினேன்’ என்று ஒரே மையில், ஒரே சாய்வில் பன்னிரண்டு வரி இருந்தால் அது காலையில் ஒரே மூச்சில் எழுதியது. போர்வையை விலக்கி உடம்பைப் பார்க்க வேண்டும். வால் எலும்பு மேல் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்கவே இல்லையென்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் இந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் தேங்காயெண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதையும், நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தில் உட்காரவைப்பதையும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டுமே நல்லெண்ணத்தில் செய்வது, இரண்டுமே புண்ணைப் பெரிதாக்கும். ஏர் பெட் வாங்கிப் போட்டுவிட்டதால் திருப்ப வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு. ஏர் பெட்டிலும் திருப்பத்தான் வேண்டும்.

சொல்லிவிட்டுப் போகும் விசிட்டுக்குப் படுக்கை விரிப்பு புதிதாக இருக்கும். முதல் வாரத்தில் இரண்டு முறை, பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதில் ஒன்றாவது சொல்லாமல், இரவு ஷிஃப்டில் போனால் உண்மை தெரியும்.

“எதுன்னாலும் முதல்ல எனக்கு போன் பண்ணு” என்று அட்டெண்டரைப் பழக்கும் நர்ஸ்களும் இருக்கிறார்கள். வாய் ஒரு பக்கம் கோணினால், பேச்சு குழறினால், மூச்சு வாங்கினால் முதல் போன் 108க்கு. அடுத்தது வீட்டாருக்கு. நர்ஸுக்கு மூன்றாவதாகச் சொன்னால் போதும். இந்த வரிசையை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டு முகவரியையும் அடையாளத்துக்கு ஓர் இடத்தையும் சேர்த்து, கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். வெளியூரிலிருந்து வந்த அட்டெண்டருக்கு அந்தத் தெருவின் பெயர் பெரும்பாலும் தெரிந்திருக்காது.