மழை தள்ளிப் போனால் எப்போது விதைப்பது? வன்னியில் புதிதாக வயல் செய்பவர்களுக்கு

இந்தக் காலபோகத்தில், அதாவது மாரி மழையோடு செய்யும் பெரும்போக நெல்லுக்கு, முதல் தடவையாக வயலில் இறங்குகிறீர்களா? புரட்டாசிக் கடைசியில் விதைத்துத் தையில் வெட்டலாம் என்று ஊரில் சொல்வார்கள். பிழையில்லை, ஆனால் மழை அந்தக் கணக்குக்கு நிற்பதில்லை. ஐப்பசி காய்ந்து போகிற வருடமும் உண்டு, 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நடந்ததுபோல ஓர் இரவில் கொட்டி வயலையும் வீட்டையும் மூடுகிற வருடமும் உண்டு. அதனால் நாட்காட்டியை மட்டும் பார்த்து விதைக்காதீர்கள்.

முதல் வேலை, மழையை அளப்பது. பக்கம் நேராக இருக்கிற பால்மாப் பேணி ஒன்றை, மரம் மறைக்காத வெளியில் ஒரு கட்டையில் இறுகக் கட்டி, தினமும் காலையில் அடிமட்டத்தை விட்டு எத்தனை மில்லிமீற்றர் என்று பார்த்துக் கொப்பியில் எழுதிவிட்டுத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். 25 மி.மீ. பெய்தால் ஓர் ஏக்கரில் ஏறக்குறைய ஒரு லட்சம் லீற்றர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது மண். மானாவாரியில் புழுதி விதைப்புச் செய்யும்போது காய்ந்த புழுதிக்குள் கிடக்கிற விதைக்குப் பெரிய ஆபத்தில்லை, எறும்பும் குருவியும் தின்றது போக மிச்சம் மழைக்குக் காத்திருக்கும். ஆபத்து அரைகுறை ஈரம்தான். ஒரு வருடம் முதல் மழை பெய்த மறுநாளே விதைத்தேன். ஐந்தாம் நாள் ஊசி ஊசியாகப் பச்சை தெரிந்தது, அப்புறம் இரண்டு கிழமை ஒரு துளி இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் முளை நுனி வைக்கோல் நிறத்தில் சுருண்டிருந்தது, இழுத்தால் வேரோடு கையில் வந்தது. மறுபடி விதைநெல் வாங்கக் கடன்பட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி, ஈரம் ஒரு சாண் ஆழம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஈர மண்ணில் விதைக்கிறேன். மன்னார் முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களிமண்ணில் வெடிப்பு வழியாகத் தண்ணீர் ஓடிவிடும், அங்கே ஒரே இடத்தில் வெட்டிப் பார்த்தால் ஏமாறுவீர்கள், நாலைந்து இடத்தில் பாருங்கள். விதைநெல்லில் கொஞ்சம் மறுவிதைப்புக்கு ஒதுக்கி வைப்பதும் நல்லது.

இனி நெல் இனம். இனத்தின் பெயரில் பிஜி (Bg), ஏ.ரி. (At) என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் இலக்கத்திலேயே பெரும்பாலும் வயது இருக்கிறது: பிஜி 250 என்றால் இரண்டரை மாதம், பிஜி 300 மூன்று மாதம், பிஜி 352 மூன்றரை மாதம். எந்த இனமானாலும் வெட்டுக்கு ஏறக்குறைய 30 நாள் முன்னால் பூக்கும். நெல் பூ முற்பகலில்தான் விரியும், அந்த நேரத்தில் அடைமழை பிடித்தால் கதிர் மணி பிடிக்காமல் சப்பியாகும். கதிர் வெளியே வராமல் தண்டுக்குள் இருக்கும் குடலைப் பருவத்தில் தண்ணீர் இல்லாவிட்டாலும் அதே கதி. ஆகவே பின்னாலிருந்து எண்ணுங்கள். ஒக்டோபர் 1இல் விதைத்த மூன்றரை மாத நெல் டிசம்பர் நடுவில், அடைமழைக்குள் பூக்கும். ஒக்டோபர் 20 என்றால் ஜனவரி தொடக்கத்தில் பூத்து, பெப்ரவரி தொடக்கத்தில் வெட்டு. மழை தள்ளி நவம்பர் 10 ஆகிவிட்டதா? மூன்றரை மாத நெல்லைப் போட்டால் பெப்ரவரிக் கடைசிவரை தண்ணீர் தேடி அலைய வேண்டும். மூன்று மாத நெல் பெப்ரவரி 8 அளவில் முற்றிவிடும். விளைச்சல் கொஞ்சம் குறையலாம்தான், ஆனால் காய்ந்த வயலில் நிற்கும் நீள வயது நெல்லைவிட அது எவ்வளவோ மேல்.

இரணைமடு, கட்டுக்கரை போன்ற பெரிய குளங்களின் கீழ் வயல் என்றால் தனியாக முடிவெடுக்காதீர்கள். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புக்கும் தண்ணீர் மறிப்புக்கும் திகதி வைப்பார்கள், பிந்தி விதைத்தவரின் நெல் பால் பிடிக்கும்போது வாய்க்கால் காய்ந்திருக்கும்.

விதைக்கும் முன்பே வடிகாலையும் வெட்டி விடுங்கள். முளைக்கும் விதை தண்ணீருக்குள் கிடந்தால் அழுகும்.

வெட்டு நேரத்திலும் மழை வரலாம். ஈர நெல்லை மூட்டையில் கட்டினால் ஓர் இரவிலேயே சூடேறத் தொடங்கிவிடும். உடனே படங்கு விரித்துப் பரப்பி, ஈரப்பதன் 14 வீதத்துக்கு வரும்வரை காயவிட்ட பிறகே கட்டுங்கள்.