தலை முழுகக் கூடாத வெந்நீர்: நியூசிலாந்து வேன் பயணத்தில் நம்மவர்கள் தவிர்க்க வேண்டியவை

பாபநாசம் படித்துறையில் இறங்கினால் மூன்று முழுக்கு. குற்றாலத்தில் அருவிக்கு நேரே உச்சந்தலையைக் கொடுத்து நிற்பது. திருநெல்வேலிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நியூசிலாந்தின் வட தீவுக்குக் குடும்பத்தோடு கேம்பர்வேன் (உள்ளேயே படுத்துத் தூங்கும் வசதியுள்ள வண்டி) எடுத்துப் போகிறவர்கள் முதலில் மறக்க வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

ரோட்டோருவா பக்கம் ஒரு வெந்நீர்க் குளத்தில் அத்தை நெஞ்சளவு இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெண் பதறிப்போய்த் தோளைத் தொட்டு, கரையில் இருந்த பலகையைக் காட்டினார். தலையை நீரில் அமிழ்த்தாதீர்கள் என்று எழுதியிருந்தது. “தலை முழுகாம அது என்னட்டி குளியல்?” என்று அத்தை என்னைக் கேட்டார். காரணத்தைச் சொன்னதும் முதல் வேலையாகப் பேத்தியின் கையைப் பிடித்துக் கரையேற்றினார்.

பூமிச்சூட்டில் வெதுவெதுவென்று கிடக்கும் மண்ணிலும் நீரிலும் ஒருவகை அமீபா வாழ்கிறது. மூக்கு வழியாக ஏறினால் மூளையைத் தாக்கும். பக்கத்துக் கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் செய்தியில் அடிபடும் அதே நோய்தான். வருவது அபூர்வம், வந்தால் பிழைப்பது அதைவிட அபூர்வம். அதனால் இயற்கை வெந்நீர் எதுவானாலும் கழுத்துக்குக் கீழேதான் குளியல். பிள்ளைகள் குதிக்கவோ, முகத்தில் நீரை வாரி அடிக்கவோ விடாதீர்கள்.

ரோட்டோருவா அருகே கொதிநீர்க் குளங்கள் நிறைந்த வை-ஓ-டாப்பு போன்ற இடங்களில் போட்டிருக்கும் நடைபாதையை விட்டு ஓர் அடிகூட இறங்கக் கூடாது. அங்குள்ள ஷாம்பெயின் குளத்தின் மேற்பரப்பே சுமார் 74 டிகிரி செல்சியஸ். சுற்றியுள்ள தரை பார்வைக்குக் கெட்டியாகத் தோன்றும். அடியில் கொதிக்கும் சேறு இருக்கலாம்.

அடுத்தது மரங்கள். வைப்போவா காட்டில் நிற்கும் ‘தானே மஹூட்டா’ என்ற கவுரி மரம் 51 மீட்டர் உயரம். அடிமரச் சுற்றளவு 13 மீட்டருக்கு மேல். அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் அந்தப் பெயருக்கு ‘வனத்தின் தலைவன்’ என்று பொருள். நம் ஊரில் பெரிய ஆலமரத்தைக் கண்டால் வேரில் உட்காருவோம், தொட்டுக் கும்பிடுவோம். அங்கே அது மரத்துக்கு ஆபத்து. கவுரியின் நுண்வேர்கள் தரையின் மேல்மட்டத்திலேயே பரவியிருக்கின்றன. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரி அந்த வேர்களை அழுகவைத்து மரத்தையே பட்டுப்போகச் செய்கிறது. முற்றாகக் குணப்படுத்த இன்னும் வழியில்லை. குண்டூசித் தலையளவு மண் போதும், ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்ற. நுழைவிலேயே பிரஷ்ஷும் கிருமிநாசினியும் வைத்திருக்கிறார்கள். மகனுடைய ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். மேலே பளிச்சென்று இருந்தது, அடிப்பள்ளங்களில் மண் கெட்டித்து அப்பியிருந்தது. பிரஷ்ஷால் போகாமல், குச்சியால் ஒவ்வொரு பள்ளமாகக் கெல்ல வேண்டியிருந்தது. இதை நுழையும்போதும் செய்யுங்கள், வெளியே வரும்போதும் செய்யுங்கள். நின்று பார்க்கத்தான் மரமேடை இருக்கிறது.

வயல் மண் ஒட்டிய செருப்பை ஊரிலேயே கழுவிவிடுங்கள். விமான நிலையத்திலும் கேட்பார்கள். கறிவேப்பிலை, பழம், தேன் வேண்டாம். அல்வா, பொடி, ஊறுகாய் எது கொண்டுபோனாலும் படிவத்தில் எழுதுங்கள். எழுதினால் அதிகாரி பார்த்து அனுமதிப்பார் அல்லது எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். எழுதாவிட்டால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

எந்த வழியில் போவது என்று திட்டமிடுவதிலும் பலர் ஏமாறுவார்கள். வைப்போவா ஆக்லாந்துக்கு வடக்கே. ரோட்டோருவாவும் டோங்கரீரோ எரிமலைகளும் தெற்கே. ஒரே வாரத்தில் இரண்டையும் பார்க்க நினைத்தால் பிள்ளைகள் சாலையைத்தான் பார்ப்பார்கள். ஒரு வாரம்தான் என்றால் தெற்கே போங்கள் என்பேன். ரோட்டோருவாவிலேயே 1901-ல் நட்ட கலிஃபோர்னியா ரெட்வுட் மரங்கள் அண்ணாந்து பார்க்கவைக்கும். குற்றாலச் சீசன் நடக்கும் ஜூன், ஜூலையில் அங்கே கடுங்குளிர். நம் பள்ளி விடுமுறையான மே மாதத்திலேயே மாலை ஐந்தரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும்; அதற்குமுன் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள்.

டோங்கரீரோவைக் கடக்கும் நடை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். தாத்தா பாட்டியையும் சின்னப் பிள்ளைகளையும் அதில் இழுக்காதீர்கள். அந்தச் சிகரங்கள் மாவோரிகளுக்குப் புனிதமானவை. 1887-ல் அவர்களின் தலைவர் தே ஹெயுஹெயு அவற்றைக் காக்கவென்று நாட்டுக்கு ஒப்படைத்தார். உச்சியில் கால் வைக்காதீர்கள், மரகத ஏரிகளின் நீரைத் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். பொதிகையைக் கும்பிடும் நமக்கு அந்த மனசு புரியும்.

வேன் எடுக்கும்போது வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். 2023 சட்டப்படி, கழிப்பறை வண்டியோடு பொருத்தப்பட்டிருந்தால்தான் தன்னிறைவு வண்டி (வெளி வசதி இல்லாமலே தங்கக்கூடியது) என்ற சான்று கிடைக்கும். தூக்கி வைக்கும் கழிப்பறை செல்லாது. சான்று இல்லாமல் கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்கினால் அபராதம். கழிவுத் தொட்டியை அதற்கென உள்ள இடத்தில்தான் கொட்டவேண்டும். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம். பக்கவாட்டில் பார்க்கும் இருக்கையில் அதைப் பொருத்த முடியாது. முன்னோக்கிய இருக்கைகள் எத்தனை என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.